பழைய வெல்டிங் மெஷின்: டர்பன் பக்கத்துத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரேபாங்க், டொங்காட் என்று எந்தப் பக்கம் போனாலும், நம்மவர் வீட்டு கராஜில் ஒரு பழைய வெல்டிங் மெஷின் கிடக்கும். சர்க்கரை ஆலையிலோ பேஹெட் பக்கத்துக் கப்பல் பட்டறையிலோ வேலை பார்த்த அப்பாவோ தாத்தாவோ வாங்கிப் போட்டதாக இருக்கும். அவர் போன பிறகு பிள்ளைகள் அதை பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றிக்கொண்டு வந்து, "அண்ணே, இது இன்னும் ஓடுமா? இந்தக் கம்பெனி இப்போ இருக்கா?" என்று கேட்கிறார்கள். இத்தகைய மெஷின்களைப் பிரித்துப் பழுது பார்ப்பது என் தொழில். வந்தவர்களிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ஐம்பது வருஷத்து மெஷின் எப்படி இன்னும் ஓடுகிறது?

உள்ளே கெட்டுப்போவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை என்பதால்தான். மூடியைக் கழற்றினால் இரும்புத் தகடு அடுக்கிய ஒரு கோர், அதில் சுற்றிய இரண்டு காயில், கரண்டைக் கூட்டிக் குறைக்க ஒரு கைப்பிடி, சிலவற்றில் ஒரு ஃபேன். அவ்வளவுதான். கைப்பிடியைச் சுற்றினால் கோருக்கு நடுவே ஓர் இரும்புக் கட்டை உள்ளே போகும், வெளியே வரும். எலக்ட்ரானிக் கார்டு, ப்ரோகிராம் எதுவும் கிடையாது.

இதில் வயதாவது காயிலைச் சுற்றியிருக்கும் இன்சுலேஷன்தான். சூடு 10 டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது வைண்டிங் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. பருத்தியும் வார்னிஷும் போட்ட பழைய 'ஏ' வகுப்பு இன்சுலேஷன் 105 டிகிரி வரை தாங்கும். பின்னால் வந்த 'ஹெச்' வகுப்பு 180 வரை தாங்கும். அந்தக் காலத்து நல்ல கம்பெனிகள் கோரையும் காயிலையும் தாராளமாகப் போட்டதால், தாழ்ந்த வகுப்பு இன்சுலேஷன்கூட அதன் எல்லையை எட்டாமலே ஓடியது. குளிர்ச்சியாக ஓடிய மெஷின்தான் இன்று உங்கள் கராஜில் இருக்கிறது.

அப்படியானால் பழையது எல்லாம் புதியதைவிட உறுதியா?

இல்லை. அந்தக் காலத்திலும் மட்டமான மெஷின்கள் வந்தன. அவை எரிந்து, பழைய இரும்புக்குப் போய், வெகுநாள் ஆகிவிட்டது. இன்று நம் கண்ணில் படுவது தப்பித்தவை மட்டும். அதைப் பார்த்து "அந்தக் காலத்தில் எல்லாமே கெட்டி" என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு மெஷினையும் அதன் உடம்பைப் பார்த்தே எடை போட வேண்டும்.

காயில் செம்பா அலுமினியமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தூக்கிப் பாருங்கள். செம்பின் அடர்த்தி 8.96, அலுமினியத்துடையது 2.70. ஆனால் எடையை மட்டும் நம்பக் கூடாது, கோரும் எடைதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றி, காயிலின் நுனி டெர்மினலில் வந்து சேரும் இடத்தில் கத்தி முனையால் லேசாகச் சுரண்டுங்கள். மேலே வெள்ளையாக இருந்தாலும் கொஞ்சம் ஆழமாகச் சுரண்ட வேண்டும், ஈயம் பூசிய செம்பும் மேற்பார்வைக்கு வெள்ளையாகவே தெரியும். உள்ளே சிவப்பு வந்தால் செம்பு.

அலுமினியம் என்றதும் தூக்கி எறிய வேண்டாம். செம்பு கடத்தும் மின்சாரத்தில் சுமார் 61 சதவீதம்தான் அலுமினியம் கடத்தும். அதற்கேற்ப கம்பியைத் தடிமனாகப் போட்டிருந்தால் அந்தக் காயில் நன்றாகவே வேலை செய்யும். தொல்லை வருவது அலுமினிய நுனியும் செம்பு லக்ஸும் (கேபிளை மாட்டும் முனைகளும்) சேரும் இடத்தில். டர்பனின் உப்புக்காற்று அந்த இணைப்பில்தான் புகுந்து அரிக்கும். இணைப்பு சூடாகி, போல்ட் தளர்ந்து, கடைசியில் கருகும். காயில் முழுக்க எரிந்துவிட்டது என்று சொல்லிக் கொண்டு வரும் மெஷின்களில் பல, அந்த ஒரு இணைப்பைச் சுத்தம் செய்து இறுக்கியதும் எழுந்து உட்கார்ந்துவிடும்.

நேம் பிளேட்டில் இருக்கும் கம்பெனி இப்போது யாருடையது?

அதிகமாக வரும் கேள்வி இதுதான், பதிலும் நீளம். பெயர் அதே இருக்கும், முதலாளி மூன்று முறை மாறியிருப்பார்.

ஈசாப்: 1904-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஆஸ்கார் ஷெல்பெர்க் தொடங்கியது. பூச்சுப் பூசிய வெல்டிங் ராடைக் கண்டுபிடித்தவர் இவர்தான். இன்று நீங்கள் பற்றவைக்கும் ஒவ்வொரு சாதாரண 6013 ரக ராடுக்கும் மூலம் அங்கே. 1994-இல் பிரிட்டனின் சார்ட்டர் கம்பெனி இதை வாங்கியது. 2012-இல் சார்ட்டரையே அமெரிக்காவின் கோல்ஃபாக்ஸ் வாங்கியது. 2022-இல் ஈசாப் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது.

மியூரெக்ஸ்: பிரிட்டிஷ் பெயர், வால்தம் கிராஸ் ஊரிலிருந்து வந்தது. நம் அப்பாக்கள் காலத்தில் மிகுந்த மதிப்பு உள்ள பெயர். அது ஈசாப் குடும்பத்துக்குள் போய்விட்டது.

விக்டர், தெர்மல் டைனமிக்ஸ், ட்வெகோ, ஆஸ்திரேலியாவின் சிக்வெல்டு: இவை எல்லாம் தெர்மடைன் என்ற ஒரே கூரையின்கீழ் இருந்தன. 2012-இல் அந்தக் கம்பெனி விக்டர் டெக்னாலஜிஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2014-இல் கோல்ஃபாக்ஸ் வாங்கியது. ஆக, இவையும் இன்று ஈசாப் வீட்டுப் பிள்ளைகள்.

மில்லர்: 1929-இல் அமெரிக்காவின் ஆப்பிள்டன் ஊரில் நீல்ஸ் மில்லர் தொடங்கியது. 1993-இல் ஐ.டி.டபிள்யூ. என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. மில்லரோடு காலமெல்லாம் போட்டி போட்ட ஹோபார்ட்டையும் 1996-இல் அதே நிறுவனம் வாங்கிவிட்டது. எது உசத்தி என்று பட்டறையில் சண்டை போட்ட இரண்டு பெயர்களும் இன்று ஒரே பெட்டியில்.

ஓர்லிக்கான்: சுவிட்சர்லாந்துப் பெயர். வெல்டிங் தொழில் ஏர் லிக்கீடு என்ற பிரெஞ்சு எரிவாயு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2017-இல் அந்த வெல்டிங் பிரிவை லிங்கன் எலக்ட்ரிக் வாங்கியது. சுவிட்சர்லாந்தில் ஓர்லிக்கான் என்ற பெயரில் இன்றும் ஒரு பெரிய கம்பெனி இருக்கிறது, அது வேறு. அவர்களுக்கு எழுதி ஸ்பேர் கேட்டால் பதில் வராது.

லிங்கன்: 1895-இல் கிளீவ்லாண்டில் தொடங்கியது. மற்றவர்களை வாங்கும் பக்கத்திலேயே நின்றுவிட்டது. பின்லாந்தின் கெம்பியும் ஆஸ்திரியாவின் ஃப்ரோனியஸும் இன்னும் அவரவர் குடும்பத்தின் கையிலேயே இருக்கின்றன. இது அபூர்வம், பாராட்ட வேண்டிய விஷயமும்கூட.

அஃப்ராக்ஸ் நம்ம ஊர்க் கம்பெனிதானே?

எரிவாயுவும் வெல்டிங் சாமானும் விற்கும் இந்தக் கம்பெனி 1927-இல் இந்த நாட்டில் தொடங்கியது, பெயரும் நமக்குப் பழகியது. ஆனால் பெரும்பங்கு வெகுகாலம் பிரிட்டனின் பி.ஓ.சி. என்ற எரிவாயு நிறுவனத்தின் கையில் இருந்தது. 2006-இல் பி.ஓ.சி.யை லிண்டே என்ற இன்னொரு எரிவாயு நிறுவனம் வாங்கியபோது அந்தப் பங்கும் லிண்டேயிடம் போனது.

பொதுவாக ஒன்று சொல்லி வைக்கிறேன். வேறொருவர் செய்த மெஷின்மேல் எரிவாயு நிறுவனம் தன் பெயரை ஒட்டி விற்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். முன்பக்கத்துப் பெயரை மட்டும் பார்க்காமல், பின்பக்கத்து சின்னத் தகட்டில் 'செய்தவர்' என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

முதலாளி மாறினால் எனக்கு என்ன நஷ்டம்?

டிரான்ஸ்ஃபார்மர் மெஷின், அதாவது மேலே சொன்ன கோரும் காயிலும் உள்ள பழைய வகை, வைத்திருப்பவருக்கு அநேகமாக ஒன்றுமில்லை. ஃபேன், சுவிட்ச், டயோடு, டெர்மினல் எல்லாம் பொதுச் சந்தையில் கிடைப்பவை. ஜேக்கப்ஸ், மொபேனி பக்கத்தில் மோட்டார் வைண்டிங் செய்கிற யாரும் காயிலைத் திரும்பச் சுற்றித் தருவார்கள், கம்பெனி வரைபடம் தேவையில்லை.

எலக்ட்ரானிக் கார்டு உள்ள மெஷினில் கதை வேறு. புது முதலாளி பழைய மாடலை நிறுத்தினால் கார்டும் நின்றுவிடும். ஆகவே பெயரைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். எழுபதுகளில் அந்தப் பெயர் சம்பாதித்த மரியாதையை, இன்று வேறு நாட்டில் வேறு ஆட்கள் செய்யும் மெஷினுக்கு நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். புது மெஷின் நன்றாகவே இருக்கலாம், ஆனால் அதன் தகுதியை அதுவே காட்ட வேண்டும். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு, ஏனென்றால் சேர்த்து வைத்த பணத்தைப் பெயருக்காகக் கொட்டியவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

நேம் பிளேட்டில் எதைப் படிக்க வேண்டும்?

டியூட்டி சைக்கிளை. 300 ஆம்ப், 60 சதவீதம் என்று இருந்தால், 10 நிமிடத்தில் 6 நிமிடம் 300 ஆம்பில் வெல்டு வைக்கலாம், மீதி 4 நிமிடம் ஆற விட வேண்டும். நிறுத்தாமல் ஓட்ட எத்தனை ஆம்ப் என்று தெரிய, அந்தச் சதவீதத்தின் (60 என்றால் 0.6) வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். 300 ஆம்ப், 60 சதவீதம் என்பது சுமார் 232 ஆம்ப் நிரந்தரமாகத் தரும். பளபளவென்று பெட்டியில் வரும் 200 ஆம்ப், 20 சதவீத மெஷின் நிரந்தரமாகத் தருவது 89 ஆம்ப் மட்டும். பழைய மெஷினின் உறுதி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்து ஹெர்ட்ஸ். கப்பல்களிலிருந்து இறங்கிய அமெரிக்க மெஷின்கள் சில 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்தவை. அவற்றை நம் 50 ஹெர்ட்ஸில் அதே வோல்ட்டில் மாட்டினால் கோரில் காந்தப்புலம் 20 சதவீதம் கூடும். வெல்டு வைக்காமல் சும்மா ஓடினாலே உறுமும், சூடாகும். 50/60 என்று எழுதியிருந்தால் கவலை வேண்டாம்.

220/380 வோல்ட் என்று இருப்பது அந்தக் காலத்து அளவு. இன்றைய 230/400-இல் பெரும்பாலும் ஓடும்.

வீட்டு பிளக்கில் மாட்டலாமா?

பெரும்பாலும் முடியாது. 100 ஆம்பில் வெல்டு வைக்கும்போது, 50 வோல்ட் திறந்த மின்னழுத்தம் (வெல்டு வைக்காதபோது முனையில் இருக்கும் வோல்ட்) உள்ள பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் சுவரிலிருந்து சுமார் 22 ஆம்ப் இழுக்கும் (100 × 50 ÷ 230). வெல்டிங் கேபிளை மெஷினின் 80 வோல்ட் சாக்கெட்டில் மாட்டினால் 35 ஆம்பைத் தொடும். நம் மூன்று முள் பிளக் 16 ஆம்புக்கானது. 2.5 மில்லிமீட்டர் ராடு ஒன்றிரண்டு எரிக்கும்வரை தாங்கினாலும், பிளக்கின் முள் பழுப்பாகிவிடும். தனி லைன், தனி பிரேக்கர், பெரிய தொழிற்சாலை சாக்கெட். இதைப் போட்டுத்தர பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஆயில் ஊற்றிய மெஷின் என்னிடம் இருக்கிறது. ஆயிலை மாற்றலாமா?

மாற்றுவதற்கு முன் அது என்ன ஆயில் என்று தெரிய வேண்டும். ஃபேன் இல்லாத, பெரிய தகரத் தொட்டி போன்ற இந்த மெஷின்கள் தூசும் உப்புக்காற்றும் உள்ளே போகாததால் கடற்கரை ஊருக்கு மிகவும் பொருத்தம். காயில் முழுக்க ஆயிலுக்குள் மூழ்கியிருப்பதால் இன்சுலேஷன் பல காலம் இளமையாகவே இருக்கும்.

பயம் பி.சி.பி. என்ற ரசாயனம். எண்பதுகளுக்கு முந்தைய டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலிலும் கெப்பாசிட்டரிலும் அது இருக்க வாய்ப்புண்டு. உடம்பில் தங்கும், மண்ணில் தங்கும், புற்றுநோய் உண்டாக்கும். 2001-இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்திருக்கிறது. பி.சி.பி. உள்ள கருவிகளை 2025-க்குள் உபயோகத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பது அதன் இலக்காக இருந்தது.

சாதாரண மினரல் ஆயில் தண்ணீரில் மிதக்கும். சுத்த பி.சி.பி. திரவம் தண்ணீரைவிடக் கனம், அடியில் போய் உட்காரும். ஆனால் மினரல் ஆயிலில் கொஞ்சம் பி.சி.பி. கலந்திருந்தால் அதுவும் மிதக்கும். அதனால் மிதக்கிறதே என்று நம்பி விடாதீர்கள். லேபில் சோதித்த பிறகுதான் கை வைக்க வேண்டும். அதுவரை ரப்பர் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். தீயில் போட்டுப் பார்ப்பது எல்லாவற்றையும்விட மோசம், எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய விஷம் வரும். ஆயிலைக் களை கொல்ல வேலி ஓரத்தில் ஊற்றுகிற பழக்கம் நம்மிடம் இருந்தது. அந்த மண்ணில் குழந்தைகள் விளையாடுகிறார்கள், தயவு செய்து அதை விட்டுவிடுங்கள்.

சோதனையில் சுத்தம் என்று வந்தால், புது டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் ஊற்றலாம். என்ஜின் ஆயில் கூடாது.

2022 வெள்ளத்தில் மூழ்கிய மெஷின். காப்பாற்ற முடியுமா?

டிரான்ஸ்ஃபார்மர் என்றால் பல நேரம் முடியும். அந்த ஏப்ரலில் இசிப்பிங்கோ, ப்ராஸ்பெக்டன் பக்கம் பட்டறை பட்டறையாகச் சேறு புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா என்று பார்க்க சுவிட்சைப் போட்டவர்களின் மெஷின்தான் அதிகம் செத்தது. நனைந்த காயிலுக்குக் கரண்ட் கொடுப்பதுதான் அதைக் கொல்கிறது.

மூடியைக் கழற்றி, ஃபேன், டயோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, காயிலையும் கோரையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சேறு காய்ந்து போயிருந்தாலும் கழுவத்தான் வேண்டும். அதில் இருக்கும் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காயில் அடுக்குகளின் இடுக்கில் நுரைபோல வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் உப்பு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். திரும்பக் கழுவ வேண்டும். பிறகு 80, 90 டிகிரி சூட்டில், காற்று ஓட்டம் உள்ள ஓவனில் ஒரு நாளைக்குக் குறையாமல் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் மேல்தோல்தான் காயும், உள்ளே ஈரம் நிற்கும்.

அதன் பிறகு 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள். மெயின்ஸ் காயிலுக்கும் வெல்டிங் காயிலுக்கும் நடுவே 5 மெகா ஓம், ஒவ்வொரு காயிலுக்கும் பாடிக்கும் நடுவே 2.5 மெகா ஓம் குறைந்தபட்சம் வர வேண்டும். இது வெல்டிங் மெஷினுக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60974-இன் அளவு. முதல் நாள் குறைவாக வந்தால் மனம் விட வேண்டாம், இன்னும் உலர்த்துங்கள். உலர உலர எண் ஏறிக்கொண்டே வந்தால் காயில் பிழைக்கும். ஏறாமல் ஒரே இடத்தில் நின்றால் வைண்டரிடம் போக வேண்டியதுதான். தேறியதும் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள்.

பழைய டி.சி. மெஷினிலிருந்து அழுகிய நாற்றம் வருகிறது. என்ன அது?

செலினியம் ரெக்டிஃபையர், ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் பாகம். தகடு தகடாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். அது எரிந்தால் வரும் புகை விஷம். உடனே அணைத்து, கதவைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். சிலிக்கான் டயோடு போட்டு மாற்றிவிடலாம். மாற்றியதும் வெளிவரும் வோல்ட் கொஞ்சம் கூடும், அதை அளந்து பார்க்காமல் திரும்பக் கொடுக்காதீர்கள்.

ஏ.சி. மெஷினில் 7018 ராடு நிற்கவில்லை. மெஷின் கெட்டுவிட்டதா?

அநேகமாக இல்லை. மெஷினின் 50 வோல்ட் சாக்கெட்டில் 7018 ரக ராடு இரும்பில் ஒட்டிக்கொள்ளும், 70-க்கு மேல் வேண்டும். உங்கள் மெஷினில் 80 வோல்ட் சாக்கெட் இருந்தால் அதில் மாட்டுங்கள். கேட், பர்க்லர் கார்டு (ஜன்னல் கம்பி), பிராய் ஸ்டாண்டு (இறைச்சி சுடும் அடுப்பு) வேலைக்கு 6013 போதும், அதற்கு 50 வோல்டே தாராளம்.

ஷாக் அடிக்குமா?

அடிக்கும். 80 வோல்ட் ஏ.சி. உலர்ந்த கைக்கு ஒன்றும் செய்யாதது போலத் தோன்றும். ஜனவரி மாத டர்பன் புழுக்கத்தில் சட்டை நனைந்து, இரும்புத் தொட்டிக்குள் படுத்து வெல்டு வைக்கும்போது அதே 80 வோல்ட் ஆளைக் கொல்லும். இத்தகைய இடத்துக்குச் சர்வதேசத் தரம் ஏ.சி.க்கு அனுமதிப்பது 48 வோல்ட். பழைய மெஷினில் வோல்ட்டைக் குறைக்கும் பாதுகாப்பு எதுவும் கிடையாது. தொட்டி, டிரெய்லர் அடி, ஈரமான இடம் என்றால் பழைய ஏ.சி. மெஷினைக் கொண்டுபோகாதீர்கள்.

அதோடு பழைய கேபிளையும் கையுறையையும் பாருங்கள். நார் நாராக வெள்ளைத் துணி தெரிந்தால் அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். 2008 முதல் இந்த நாட்டில் அது தடை. பிய்க்காமல், நனைத்து, இரட்டைப் பையில் கட்டி முறைப்படி அப்புறப்படுத்துங்கள்.

எலக்ட்ரானிக் கார்டில் ஓடும் சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கிவிடலாமா?

கூரைமேல் ஏறுபவர், வீடு வீடாகப் போய் கேட் பழுது பார்ப்பவர் கட்டாயம் வாங்கலாம். 1977-இல் கெம்பி முதல் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினைக் கொண்டுவந்தது, அதற்குப் பிறகு இந்தத் தொழிலே தோளில் தூக்கிப் போகிற தொழிலாயிற்று. டி.சி. வெல்டின் மென்மையும் உண்டு.

நம் ஊரில் அதைக் கொல்வது மின்சாரம். லோட் ஷெட்டிங் (முறை வைத்துக் கரண்ட்டை நிறுத்துவது) மிக மோசமாக இருந்த 2023-இல், கரண்ட் திரும்பும் நொடியில் வரும் அதிர்ச்சியால் இன்வெர்ட்டர் கார்டுகள் சரம் சரமாகப் போயின. பழைய டிரான்ஸ்ஃபார்மர்கள் ஒருமுறை உறுமிவிட்டுத் தொடர்ந்து ஓடின. கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்குங்கள், திரும்பி வந்து சில நிமிடம் கழித்து மாட்டுங்கள். இன்வெர்ட்டரை நீங்களே பிரிக்காதீர்கள். பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டி.சி. கொஞ்ச நேரம் நிற்கும்.

பழைய மெஷின் வாங்கினால் சட்டம் எனக்குத் துணை நிற்குமா?

கடையில் வாங்கினால் நிற்கும். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருளுக்கும் ஆறு மாத உத்தரவாதம் தருகிறது. இன்ன குறை இருக்கிறது என்று கடைக்காரர் தெளிவாகச் சொல்லி, நீங்கள் ஒப்புக்கொண்டு வாங்கினால் அந்தக் குறைக்கு மட்டும் பொருந்தாது. தெருவில் ஒருவர் தன் சொந்த மெஷினை விற்றால் இந்தச் சட்டம் வராது, அங்கே உங்கள் கண்ணும் மெகரும்தான் துணை. பழைய பொருள் வியாபாரி 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள், பட்டறைகளிலிருந்து களவு போகும் மெஷின்கள் நிறைய.

ஓடாத மெஷினைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாமா?

முதலில் மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெயின்ஸ் காயில் மட்டும் போயிருந்தால் அதை மட்டும் திரும்பச் சுற்றலாம். தடித்த வெல்டிங் காயில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இரண்டும் போய், கோரும் துருவேறி உப்பியிருந்தால் கொடுத்துவிடலாம். கொடுக்கும் முன் கேபிள், ஹோல்டர், எர்த் கிளாம்ப் மூன்றையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து 50, 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளை இன்று கடையில் வாங்கப் போனால் விலை தெரியும். ஆயில் மெஷின் என்றால் சோதனைச் சீட்டு கையில் வராமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். தொட்டியை உடைக்கிற பையனுக்கு உள்ளே இருப்பது என்ன என்று தெரியாது.